லீற்றர் அண்ணைக்குப் பை கிடைத்த கதை

கனடாவில் காட்டுக்குள் கரடியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அரசாங்கம் துண்டுப்பிரசுரம் அச்சடித்துக் கொடுக்கும். கடைக்குள் லீற்றர் அண்ணையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் எதுவும் கொடுக்கவில்லை. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் முதுகுப்பை விற்றவர்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்த ஒரு குறைதான் காரணம்.

சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு பெரிய கட்டிடத்தின் பதினாலாம் மாடியில் நாங்கள் இருந்தோம். எங்கள் கதவிலக்கம் 1412. நாலு கதவு தள்ளி 1407இல் லீற்றர் அண்ணை தனியாக இருந்தார். மனைவி ஊரிலேயே நோயில் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கட்டையான உருவம். கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாமல் தலை நேரே தோளில் உட்கார்ந்திருக்கும். பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளை லொறியில் அடுக்குவது அவர் வேலை. அவர் அடுக்கிய லொறிக்குள் ஒரு நெருப்புப்பெட்டி வைக்கவும் இடம் இருக்காது என்பார்கள். அந்த வேலை மெல்ல மெல்லத் தலைக்குள் ஏறி, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் லீற்றரில் பார்க்கத் தொடங்கிவிட்டார். எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்த அன்று தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவர், மூடவே இல்லை.

"மாஸ்ரர், உங்கடை பிறிஜ்ஜிலை அரைவாசி காத்து. எழுபது லீற்றர் சும்மா குளிருது."

ஊரில் நான் கணித ஆசிரியர். இங்கே ஓர் அலுவலகத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவருக்கு நான் கடைசிவரை மாஸ்ரர்தான். அன்றைக்கு அரை மணி நேரம் நின்று குளிர்பெட்டியை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இருந்த மீன் குழம்பைக் கண்டுபிடிக்க என் மனைவிக்கு மூன்று நாள் பிடித்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஓர் ஆசை. வடக்கே காட்டுக்குள் போய் மூன்று இரவு தங்கி, மூஸ் என்னும் குதிரையளவு மானை வேட்டையாட வேண்டும். மூஸை அவர் மரை என்றுதான் சொல்வார். வேட்டைப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்திருந்தார். அனுமதிப்பத்திரத்தைப் பணப்பைக்குள் சாமிப்படம் போல வைத்திருந்தார். வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் தொப்பி இருந்தது. இரண்டு பூட்டுப் போட்ட அலுமாரிக்குள் வேட்டைத் துவக்கும் இருந்தது. இல்லாதது பை ஒன்றுதான். நான் அறிய நாலு வருடமாக இல்லை. ஒவ்வொரு ஆவணி மாதமும் தேடத் தொடங்குவார். ஐப்பசியில் வேட்டைக்காலம் வந்து போய்விடும்.

"இந்த வருசமும் பை சரிவரேல்லை மாஸ்ரர்."

"ஒரு பைக்கு இவ்வளவு யோசினையோ அண்ணை?"

"என்ன கதைக்கிறியள்? போகேக்கை அது வீடு. கூடாரம், சட்டி, உடுப்பு, கயிறு எல்லாம் அதுக்குள்ளை. வரேக்கை அதுதான் இறைச்சிக்கடை. இரண்டு மணித்தியாலம் நடந்து முதுகிலை காவ வேணும். பை பிழைச்சால் மரை காட்டிலை, நான் ஆஸ்பத்திரியிலை."

பையில் எழுதியிருக்கும் அளவை அவர் நம்பவே மாட்டார். நாலு லீற்றர் பால் வருகிற வெறும் பிளாஸ்ரிக் கான்களைச் சேர்த்து, இருபதைக் குப்பைப் பைக்குள் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு சப்வேயில் கடைக்குப் போவார். எண்பது லீற்றர் என்று எழுதிய பைக்குள் அவற்றை ஒவ்வொன்றாக இறக்குவார். பதின்மூன்று கான்தான் போகும், ஐம்பத்திரண்டு லீற்றர்.

"வெயார் மை ருவென்ரி எயிற் லீற்றர்?" என்று விற்பனைப் பையனைக் கேட்பார்.

நானும் கூடப் போன ஒரு நாள், கான்களுக்கு இடையில் காற்று இருக்கிறது என்று அவன் விளக்கினான். லீற்றர் அண்ணை என் பக்கம் திரும்பினார். "காத்தையும் சேத்து அளந்தோ விக்கிறாங்கள்?" முகாமையாளர் வந்தார். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நிலத்தில் முழங்காலில் நின்று, எல்லாக் கான்களையும் வெளியே எடுத்துத் திரும்பத் தானே அடுக்கினார். பதினாலு போயிற்று. லீற்றர் அண்ணை அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பையை வாங்கவில்லை. ஆனால் வீடு வரும்வரை, "உவன் எங்கடை வெயார்ஹவுசுக்கு வந்தால் நாளைக்கே வேலை குடுப்பாங்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்தது சத்தப் பரீட்சை. மரைக்குக் காது கூர்மை. துணி உரசுகிற சத்தம் கேட்டால் ஓடிவிடும். ஆகவே கடைக்கு வந்தவர்களைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லி, பையை மாட்டிக்கொண்டு அவர்களைச் சுற்றிப் பதுங்கிப் பதுங்கி நடப்பார். சத்தம் கேட்டால் கையை உயர்த்த வேண்டும். கனடாக்காரர்கள் நல்ல மனிதர்கள். ஏன் என்று கேட்காமல் கண்ணை மூடுவார்கள். ஒரு முதிய பெண்மணி கடைசிவரை கையை உயர்த்தவே இல்லை. அண்ணை ஆனந்தத்தில் பையை வாங்கப் போன வேளையில், அந்த அம்மா கண்ணைத் திறந்து, கைப்பையில் இருந்த காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இனித் தொடங்கலாமா?" என்று கேட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய பரீட்சை ஆட்டுப் பரீட்சை. எங்கள் மாடியில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை முழு ஆடு வாங்கிப் பங்கு போடுவோம். ஒரு மாதம் இறைச்சிக்கடையில் தானே போய் எடுத்து வருவதாக அண்ணை சொன்னார். வெட்ட வேண்டாம், முழுசாகத் தா என்று வாங்கி, புதுப்பை ஒன்றுக்குள் குப்பைப் பையை விரித்து, அதற்குள் ஆட்டை இறக்கினார். பையின் விலைத்துண்டு அறுக்கப்படாமல் தொங்கியது. பின்னங்கால் ஒன்று எந்தக் கணக்குக்கும் அடங்காமல் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியே தண்டவாளத்தில் ஓடும் கால்ற்றன் தெரு ஸ்ரீற்காரில் ஏறிவிட்டார். வண்டி ஆடும்போதெல்லாம் குளம்பு பின்னால் நின்றவரின் தொப்பியைத் தட்டியது. சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"சேர், அது என்ன?"

"நோ புறொப்ளம். ரெஸ்ற் ஒன்லி," என்றார் அண்ணை. வெறும் பரீட்சைதானாம்.

அடுத்த நாள் பையைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு, பாவித்தீர்களா என்று கேட்டாள். "நோ மடம்," என்றார் அண்ணை, விலைத்துண்டைத் தூக்கிக் காட்டி. "ரெஸ்ற் ஒன்லி."

இதையெல்லாம் நான் வயிறு குலுங்கச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும். அன்றைக்கு என் மகன் நிரூபன் சாப்பாட்டு மேசையில் ஒரு கடதாசியை வைத்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். எங்களுக்குச் சொல்லாமல் வேட்டைப் பரீட்சை எழுதியிருந்தான்.

"அப்பா, நான் லீற்றர் அங்கிளோடை மூஸ் ஹன்ரிங் போகப் போறன். மூண்டு நாள். ஜஸ்ற் த்ரீ டேய்ஸ்."

நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

இதை வாசிக்கிறவர்களில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த யுத்த நாட்களில் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை முதுகில் பையோடு காட்டுப் பக்கம் போனான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: துவக்குத் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டான். நான் வகுப்பில் தினமும் இடாப்புக் கூப்பிடுவேன். ஒரு பெயருக்குப் பதில் வராது. மற்றப் பிள்ளைகள் மேசையைப் பார்ப்பார்கள். நானும் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். நிரூபனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். பை, துவக்கு, காடு என்ற மூன்றும் அவனை நெருங்கக் கூடாது என்பதற்காகவே இத்தனை கடல் தாண்டினேன். இங்கே வந்து அவன் பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, கையொப்பம் வைத்து அதே மூன்றையும் கேட்கிறான்.

இருபது வயதுப் பிள்ளையிடம் கூடாது என்று சொன்னால் கட்டாயம் போவான். ஆகவே புத்திசாலித்தனமாக ஒரு பதில் சொன்னேன்.

"சரி. லீற்றர் அண்ணைக்கு மனம் பிடிச்ச பை எண்டைக்குக் கிடைக்குதோ, அண்டைக்குப் போ."

என் மனைவி குசினிக்குள் போய் நின்று சிரித்தாள். நான் சொன்னது அவன் பேரப்பிள்ளை காலத்தில்தான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் பயந்தவனுக்கு ஒரு காவல் போதாது. அந்த ஆவணியில் இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும் அவர்களோடு கடைக்குப் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான். அண்ணைக்குப் பிடித்துவிடும் போல் ஒரு பை தெரிந்தால் உடனே முந்திவிடுவேன். "அண்ணை, இந்த சிப் ஈரத்திலை இறுகும்." "இந்தப் பச்சை கொஞ்சம் வெளிறின பச்சை, மரை கண்டிடும்." ஒரு நாள் சட்டைப்பையில் இருந்து அடிமட்டத்தை எடுத்துத் தோள் வார்களை அளந்து, இரண்டும் சமாந்தரம் இல்லை என்று நிறுவினேன். லீற்றர் அண்ணை நெகிழ்ந்துபோனார்.

"நாலு வருசமா நான் தனியக் கிடந்து முறிஞ்சன். மாஸ்ரர் எல்லோ ஆள்! கண் எண்டால் இது கண்!"

நிரூபன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, நீங்கள் இரண்டு பேரும் பை பாக்கிற மாதிரி எனக்குப் பொம்பிளை பாத்தியள் எண்டால், நாப்பது வயசிலையும் நான் சிங்கிள்தான்."

புரட்டாதி கடைசிச் சனிக்கிழமை. நிரூபனுக்குப் படிப்பு இருந்தது. நாங்கள் இருவரும் மட்டும் போனோம். ஒரு கடையில் கடும்பச்சை நிறத்தில் ஒரு பை. உரசினால் சத்தமில்லை. முதுகுப் பக்கத்தில் பாரம் கட்ட இலேசான அலுமினியச் சட்டம். அகலமான இடுப்புப் பட்டி. பிள்ளையைத் தூக்கும் தாய் பாரத்தை இடுப்பில் இருத்துவது போல, பையும் இடுப்பில் இருக்க வேண்டும் என்பது அண்ணையின் கொள்கை. இது அப்படியே இருந்தது. நான் முந்திக்கொண்டேன். அடிமட்டத்தை எடுத்து அளந்து, வார் கோணல் என்றேன். அண்ணை பையை இருந்த இடத்தில் கொழுவிவிட்டு வெளியே வந்தார்.

சப்வேயில் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னார்.

"அந்தப் பையிலை ஒரு குறையும் இல்லை மாஸ்ரர்."

"அந்த வார்..."

"வார் நல்ல வார். நீங்கள் அடிமட்டத்தைச் சரிச்சுப் பிடிச்சனீங்கள். நான் கண்டனான்."

பதினெட்டு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்? நான் யன்னலைப் பார்த்தேன். சுரங்கத்தின் இருட்டில் என் முகம்தான் தெரிந்தது.

"பயம் எண்டால் பயம் எண்டு சொல்லுங்கோ," என்றார் அவர். "பாவம், பையிலை ஏன் பழியைப் போடுறியள்?"

எனக்குக் கோபம் வந்தது. "நீங்கள் மட்டும் என்னவாம்? நாலு வருசமாக் கடைக்குக் கடை பழி போட்டுக்கொண்டுதானே திரியிறியள்?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காட்டுக்குத் தனியப் போகக் கூடாது மாஸ்ரர். வழுக்கி விழுந்தால் தூக்க ஒருத்தன் வேணும். முதல் வருசம் எல்லாரையும் கேட்டுப் பாத்தன். ஒருத்தரும் வரேல்லை. அவையவைக்குக் குடும்பம், இரண்டு வேலை. கூட வர ஆளில்லை எண்டு சொன்னால் சனம் பரிதாபமாப் பாக்கும். பை கிடைக்கேல்லை எண்டு சொன்னால் சிரிக்கும். சிரிச்சால் பரவாயில்லைத்தானே?"

சேர்போர்ண் ஸ்ரேசன் வந்தது. எழுந்து கதவடியில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"உங்கடை பொடியன்தான் தானா வந்து, அங்கிள் நானும் வரட்டோ எண்டு கேட்டவன்."

அடுத்த சனிக்கிழமை நான் அதே கடையில் அடிமட்டத்தை நேராகப் பிடித்தேன். வார்கள் சமாந்தரமாகத்தான் இருந்தன. கடும்பச்சைப் பைகள் இரண்டு வாங்கினோம். அண்ணை தன் கையாலேயே விலைத்துண்டுகளை அறுத்தபோது, விற்பனைப் பையன் முகாமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பைகளுக்குள்ளும் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு அண்ணையும் நிரூபனும் பதினாலு மாடிப் படி ஏறினார்கள். அதன்பிறகு ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று அண்ணை பைகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. நடைபாதையில் பெயின்ற் மணந்தது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை புறப்பட்டார்கள். பைகளை அண்ணை முன்பே, கூட வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு வாங்கிய காரின் பின்பெட்டியில் செம்மஞ்சள் துணியால் மூடி வைத்துவிட்டார். என் மனைவி கட்டுச்சோறும் இடித்த சம்பலும் முறுக்குமாக ஒரு பெரிய பொதியை நீட்டினாள்.

"தங்கச்சி, இது ஒன்பது லீற்றர்."

"உங்களை ஆர் அளக்கச் சொன்னது? சாப்பிடுங்கோ அண்ணை."

அண்ணை என் முன்னால் வந்து நின்றார். "ஞாயிறு பின்னேரம் கொண்டந்து தருவன் மாஸ்ரர்." இரவல் வாங்கிய ஏணியைப் பற்றிச் சொல்வது போல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

ஞாயிறு பின்னேரம் வந்தது. அவர்கள் வரவில்லை.

கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருந்த காலம் அல்ல. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. திங்கள் காலை நான் வேலைக்குப் போகவில்லை. பதினாலாம் மாடிக்கும் கீழ்வாசலுக்கும் இடையில் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. கட்டிடப் பராமரிப்பாளர் லிஃப்ற் பழுதோ என்று பார்க்க வந்தார். என் மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள். எனக்குள் அந்தப் பழைய இடாப்பு திறந்துகொண்டது.

பின்னேரம் அவர்கள் கொண்டுபோன பழைய மண்ணிறக் கார் வாசலில் வந்து நின்றது. முதலில் அண்ணை இறங்கினார். மறுபக்கக் கதவு திறக்கும் வரைக்கும்கூட எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் கூப்பிடுவது போல் கத்தினேன்.

"நிரூபன்!"

"என்னப்பா?" என்று தலையை நீட்டினான். முகமெல்லாம் சேறு. சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மூன்று நாளில் அவர்கள் கண்ணில் ஒரு மரையும் படவில்லை. ஞாயிறு காலை திரும்பி வரும் வழியில், வயதான இரண்டு வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் ஒரு பெரிய மரையைச் சுட்டுவிட்டு, காவிக்கொண்டுபோக வழியில்லாமல் நின்றிருக்கிறார்கள். லீற்றர் அண்ணைக்கு இது தெய்வம் கொடுத்த பரீட்சை. பொழுது படும்வரைக்கும், பிறகு அங்கேயே தங்கி விடிந்ததும், யாரோ சுட்ட மரையைத் துண்டு துண்டாகத் தன் பையில் காவி இறக்கியிருக்கிறார். என் பிள்ளையையும் காவ வைத்திருக்கிறார்.

"மற்றவன்ரை மரையைக் காவவோ இவ்வளவு நேரம்?" நான் எழும்பிக் கத்தினேன். "இஞ்சை நான் செத்துப் பிழைச்சன், தெரியுமோ?"

"ஒரு தையல் விடேல்லை மாஸ்ரர்!" என்றார் அவர், கண்கள் மின்ன. "ஒரு தையல்!"

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அந்த மின்னல் அணைந்துவிட்டது. போய்ப் பின்பெட்டியைத் திறந்து, நிரூபனின் பையை எடுத்து வந்து, என் முன்னால் திருப்பி வைத்தார். விமானத்தில் போகும் நம் சனத்தின் பெட்டிகளில் இருப்பது போல, பை நிறைய வெள்ளைப் பெயின்றில் கொட்டை எழுத்து. நிரூபனின் பெயர், கட்டிட இலக்கம், தெரு, 1412, தொலைபேசி எண். கைபிடியில் சிவப்பு நாடா வேறு.

"அப்பா, எயர்போட் சூட்கேஸ் மாதிரி," என்று நிரூபன் முனகினான். "அந்த வெள்ளைக்காரர் இரண்டு பேரும் போட்டோ எடுத்தவை."

"காட்டிலை தவறிப்போனாலும் ஆரெண்டாலும் கொண்டந்து தரவேணும் எல்லோ," என்றார் அண்ணை.

"பையையோ, பிள்ளையையோ?" என்று கேட்டேன்.

"இரண்டையும்தான்."

பின்பெட்டிக்குள் கிடந்த அவருடைய பை அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அதிலும் அதே வெள்ளை எழுத்து. அவருடைய பெயர். அதன்கீழ் 1412.

"அண்ணை, உங்கடை நம்பரைப் பிழையா எழுதியிருக்கிறியள். நீங்கள் 1407 எல்லோ?"

அவர் சிவப்பு நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "1407க்குக் கொண்டந்தால் கதவைத் திறக்க ஆர் இருக்கினம் மாஸ்ரர்?"

அந்த வேட்டைக்காரர்கள் நன்றிக்குக் கொடுத்த ஒரு தொடை இறைச்சியை அன்றைக்கே என் மனைவி கறியாக்கினாள். பதினாலாம் மாடி முழுவதும் மணந்தது. அண்ணை எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் கோப்பையில் சோறு குறையக் குறையப் போட்டேன். அவரும் எத்தனை லீற்றர் என்று கேட்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஐப்பசியும் அவர்கள் இருவரும் போய்வந்தார்கள். இன்றைக்கும் ஐப்பசி பிறந்தால் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது. அது இனி மாறப்போவதில்லை.

சில வருடம் கழித்து நகரின் வடக்கு ஓரத்தில் மில்லிக்கனில் வீடு வாங்கிக்கொண்டு நாங்கள் புறப்பட்டோம். எங்கள் சாமான்களை லொறியில் அடுக்கியது யார் என்று சொல்லத் தேவையில்லை. கடைசிப் பெட்டியையும் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு அண்ணை மேலே ஓடினார். திரும்பி வரும்போது ஒரு கையில் அவருடைய பச்சைப் பை. மற்றக் கையில் வெள்ளைப் பெயின்ற் ரின்னும் தூரிகையும்.

"மாஸ்ரர், புது விலாசத்தைச் சொல்லுங்கோ. எழுதவேணும்."

தூரிகையை நான் வாங்கிக்கொண்டேன். 1412ஐ அடித்துவிட்டு, கரும்பலகையில் எழுதுகிற அதே கையெழுத்தில், எங்கள் புது வீட்டு இலக்கத்தை நானே எழுதினேன்.